சர்வர் கண்காணிப்புக்கு எதை எடுப்பது: சாபிக்ஸா, ப்ரோமிதியஸா, கட்டணச் சேவையா?

சர்வர் கண்காணிப்புக்கு எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், சொல்கிற எல்லாமே நல்ல மென்பொருள்கள்தான், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்புகிறது என்றால் அது யாருக்குத் தெரிய வேண்டும், எந்த வழியாகத் தெரிய வேண்டும், அவர் எழுந்திருக்காவிட்டால் அடுத்து யார், எழுந்தவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? இதை முடிவு செய்யாமல் எதை நிறுவினாலும் கலர் கலராக வரைபடங்கள் கிடைக்கும், ஆனால் சர்வர் விழுந்த செய்தியை வாடிக்கையாளர்தான் போன் போட்டுச் சொல்வார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் ஏறாமல் விட்டுப்போயிருந்தது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 மெயில் அனுப்பிவிட்டது, பிழை எந்தப் பகுதியில் என்பதும் அதில் இருந்தது. அந்த மெயில்களை யாரும் அலெர்ட்டாகக் கருதவில்லை, அதனால் யாரும் பார்க்கவும் இல்லை. சந்தை திறந்து சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இன்னொன்று, புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று ஓர் என்ஜினியர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்துவிட்டார், சரி, பேக்அப்பில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போனால் தினசரி பேக்அப் எடுக்கப்படவே இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்பு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பேக்அப் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது தோற்றிருக்கிறது. தோற்றதும் மெயில் அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த மெயில்களுக்கு டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பு முறை இயக்கப்படாததால் மெயில் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாபேஸின் நகல்) கைகொடுத்தது.

இரண்டு இடத்திலும் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை ஒழுங்காகவே நடந்திருக்கிறது. கண்டுபிடித்த செய்தி ஆளிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு வழியையும் நான் பார்ப்பது இந்தக் கோணத்தில்: எவ்வளவு அளக்கிறது என்பதைவிட, அளந்ததை ஆளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எதை அளப்பது

புதிதாகக் கண்காணிப்பு அமைக்கிறவர்கள் முதலில் எழுதும் விதி, சிபியு 90 சதவீதம் தாண்டினால் அலெர்ட் என்பது. அதுதான் இருப்பதிலேயே பயன் குறைந்த விதி என்பது என் கருத்து. ராத்திரி பேக்அப் சுருக்கும்போதோ ரிப்போர்ட் ஓடும்போதோ சிபியு 100 தொட்டால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம், அதற்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. லினக்ஸின் லோடு ஆவரேஜை வைத்து முடிவெடுப்பதும் சிக்கல், ஏனென்றால் அது சிபியுவுக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களோடு டிஸ்க் பதிலுக்காக முடங்கிக் கிடப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் தொங்கினால் சிபியு சும்மா இருக்கும், லோடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மெமரியிலும் ஃப்ரீ என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். அவைலபிள் என்ற எண்தான் நமக்கு வேண்டியது, லினக்ஸ் கெர்னல் 3.14 முதல் அது நேரடியாகவே கிடைக்கிறது.

கூகுளில் சேவைகள் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுவினர் நான்கை அளக்கச் சொல்வார்கள்: பதில் வர ஆகும் நேரம், வரும் கோரிக்கைகளின் அளவு, பிழைகளின் விகிதம், வளங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பது. முதல் மூன்றும் பயனாளர் பக்கம் நின்று பார்ப்பவை. ஆளை எழுப்பும் அலெர்ட் இந்த மூன்றிலிருந்துதான் வர வேண்டும், நான்காவதில் இருந்து வருவது பெரும்பாலும் காலையில் பார்த்துக்கொள்ளக்கூடியதுதான்.

டிஸ்க் மட்டும் விதிவிலக்கு, அது நிரம்பினால் டேட்டாபேஸ் நின்றுவிடும். ஆனால் அதிலும் சதவீதம் சரியான அளவுகோல் இல்லை. 4 டிபி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி மிச்சம் இருக்கிறது, 20 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் 90 சதவீதம் என்றால் வெறும் 2 ஜிபிதான், கட்டுக்கடங்காத ஒரு லாக் ஃபைல் அதை அரை மணியில் தின்றுவிடும். இதே வேகத்தில் போனால் எப்போது நிரம்பும் என்று கேட்பதுதான் சரி. ப்ரோமிதியஸில் ப்ரெடிக்ட் லீனியர், சாபிக்ஸில் டைம்லெஃப்ட் என்று இதற்கென்றே ஃபங்ஷன்கள் இருக்கின்றன, கட்டணச் சேவைகளிலும் முன்கணிப்பு என்ற பெயரில் கிடைக்கும். அப்புறம் ஐநோடுகள், அதாவது ஃபைலுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவுகள், அவற்றின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும், ஆனால் லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்களால் ஐநோடு தீர்ந்துபோய் ஒரு ஃபைல்கூட எழுத முடியாது. இடத்துக்கு வைத்த அதே விதியை ஐநோடுக்கும் வைத்துவிடுங்கள்.

சத்தமில்லாமல் கெடுகிறவையும் உண்டு: வெப்சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி, கடைசி நல்ல பேக்அப்பின் வயது, சர்வரின் கடிகாரம் விலகுவது. சான்றிதழை இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான், காலாவதி ஆகப்போகிறது என்று அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் மெயில்களையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாக ஆகிறது. தானாகப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு நாள் தோற்றால் அதைச் சொல்ல நம் கண்காணிப்பைத் தவிர வேறு யாரும் இல்லை.

சின்ன வழிகள்

இரண்டு மூன்று மெஷின்தான் என்றால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான், ஒரு மெயில் என்று முடித்துக்கொள்ளத் தோன்றும். செய்யலாம், ஆனால் மெஷின் செத்தால் ஸ்கிரிப்டும் கூடவே செத்துவிடும். தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அதற்கு உயிர் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வழியின் அடிப்படைக் குறை. மோனிட் என்ற சின்ன மென்பொருளும் ஒவ்வொரு மெஷினுக்குள்ளேயே ஓடுவதுதான், ஆனால் அதற்கு ஒரு தனித் திறமை உண்டு, விழுந்த சர்வீஸைத் தானே மறுபடி எழுப்பிவிடும். நல்லதுதான். இத்தனை முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு என்ற வரியையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெமரி கசியும் ஒரு சர்வீஸ் மணிக்கு மணி செத்து எழுந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

வெளியிலிருந்து பார்ப்பவை இதற்கு நேர்மாறு. அப்டைம் கூமா இலவசம், டாக்கரில் ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம், வெப்சைட் பதில் சொல்கிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, சான்றிதழுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று பார்க்கும், டெலிகிராம், ஸ்லாக், மெயில் என்று ஏகப்பட்ட வழிகளில் சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, விழுந்த பிறகுதான் சொல்லும். ஒன்றும் இல்லாத இடத்தில் இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது வேண்டும் என்றால் நான் முதலில் ஏற்றுவது இதைத்தான், பெரிய கருவி ஒன்று வந்த பிறகும் இதை எடுக்க மாட்டேன், காரணம் பின்னால் வருகிறது. ஒரே நிபந்தனை, கண்காணிக்கப்படும் சர்வர்கள் இருக்கும் இடத்திலேயே இதை வைக்கக் கூடாது.

நாகியோஸும் ஐசிங்காவும்

ஈதன் கால்ஸ்டட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு 2002இல் பெயர் மாறியதுதான் நாகியோஸ். இதன் யோசனை ரொம்ப எளிமையானது: ஒரு சின்ன ப்ரோகிராம் ஓடும், எல்லாம் சரி என்றால் 0, எச்சரிக்கை என்றால் 1, ஆபத்து என்றால் 2, தெரியவில்லை என்றால் 3 என்று முடியும். எந்த மொழியிலும் எழுதலாம் என்பதால் ஆயிரக்கணக்கில் ப்ளக்இன்கள் சேர்ந்துவிட்டன. ஒருமுறை தோற்றவுடன் கூப்பிடாமல் சிலமுறை மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகே அலெர்ட் அனுப்பும் ஒழுங்கும், ரவுட்டர் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது சர்வருக்கும் தனித்தனியாகக் கத்தாத ஒழுங்கும் இதில் அன்றிலிருந்தே உண்டு.

இருந்தாலும் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். டெக்ஸ்ட் ஃபைல் கான்ஃபிகரேஷன் வளர வளரக் கைமீறும், வரைபடத்துக்கு வேறொன்றை ஒட்ட வேண்டும், நேற்று இந்நேரம் எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஏற்கெனவே நாகியோஸ் ஓடுகிறது, சொந்தமாக எழுதிய ப்ளக்இன்கள் நிறைய இருக்கின்றன என்றால் ஐசிங்காவுக்குப் போகலாம், 2009இல் நாகியோஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது அது, பழைய ப்ளக்இன்கள் அப்படியே ஓடும்.

சாபிக்ஸ்

லாட்வியாவைச் சேர்ந்த அலெக்ஸி விளாடிஷேவ் தொடங்கியது, 2001இல் முதல் வெளியீடு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2024இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் உரிமம். பணம் கட்டினால்தான் கிடைக்கும் வசதி என்று மென்பொருளில் எதுவும் இல்லை, கம்பெனி சம்பாதிப்பது ஆதரவிலும் பயிற்சியிலும் தான்.

இதை எனக்குப் பிடிப்பதற்கு முதல் காரணம், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது. அளப்பது, சேமிப்பது, வரைபடம், அலெர்ட் விதி, யாருக்கு எப்போது அனுப்புவது என்பது வரை ஒரே வெப் பக்கத்தில் முடிந்துவிடும். லினக்ஸ், விண்டோஸ், நெட்வொர்க் ஸ்விட்ச், யுபிஎஸ், போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ் எல்லாவற்றுக்கும் டெம்ப்ளேட் கூடவே வருகிறது, அதை ஒட்டினாலே ஓரளவு நியாயமான அலெர்ட் விதிகள் வந்துவிடும். வெளியே இருக்கும் ஓர் ஆபீஸில் உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க முடியாது என்றால் ஏஜென்ட்டை (ஒவ்வொரு மெஷினிலும் ஓடி எண்களைச் சேகரிக்கும் சின்ன ப்ரோகிராம்) ஆக்டிவ் முறையில் வைத்தால் போதும், அதுவே வெளியே வந்து 10051 போர்ட்டில் தகவலைக் கொடுத்துவிட்டுப் போகும்.

இரண்டாவது காரணம் எஸ்கலேஷன். முதல் ஐந்து நிமிடம் டியூட்டியில் இருப்பவருக்கு டெலிகிராம், அவர் அலெர்ட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் எஸ்எம்எஸ், பதினைந்தாவது நிமிடத்தில் டீம் லீடருக்கு, என்று படிப்படியாக வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்எம் மோடம் ஒன்றை செருகினால் இன்டர்நெட் போனாலும் எஸ்எம்எஸ் போகும். சின்ன டீமுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒருநாள் லைன் அறுந்தால்தான் தெரியும். அதோடு அலெர்ட் வரும் எல்லையும் சரியாகும் எல்லையும் வேறுவேறாக வைக்கலாம்: 90 தாண்டினால் எழுப்பு, 80க்குக் கீழே வந்தால்தான் சரியாயிற்று என்று எடுத்துக்கொள். இப்படி வைக்காவிட்டால் 89க்கும் 91க்கும் இடையே ஆடும் ஒரு டிஸ்க் ராத்திரி முழுக்க மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

குறை என்ன என்றால், தகவல் எல்லாம் சாதாரண மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸில் போய் உட்காருகிறது. நூறு நூற்றைம்பது மெஷின் தாண்டி, எல்லா டெம்ப்ளேட்டையும் எல்லா மெஷினுக்கும் ஒட்டி வைத்தால், பழைய தகவலை அழிக்கும் வேலையே டேட்டாபேஸை மூச்சு முட்ட வைத்துவிடும். போஸ்ட்கிரெஸோடு நேரவரிசைத் தகவலுக்கான டைம்ஸ்கேல்டிபி நீட்சியையும் சேர்த்து ஆரம்பித்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், தகவல் சேர்ந்த பிறகு மாற்றுவது பெரிய வேலை. இன்னொரு குறை, நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் கன்டெய்னர்களோடு (ஒவ்வொரு சர்வீஸையும் தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறை) இது அவ்வளவு இயல்பாகப் பொருந்தாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு டெம்ப்ளேட் இருக்கிறது, ஓடவும் செய்கிறது, ஆனாலும் இதன் மனதில் இருப்பது பெயர் வைத்த, நிலையான மெஷின்கள்தான்.

ப்ரோமிதியஸ்

சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை நிறுவனத்தில் 2012இல் தொடங்கி, 2016இல் கிளவுட் சார்ந்த ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கான சிஎன்சிஎஃப் அமைப்பில் குபர்நெட்டிஸுக்கு அடுத்து இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. இது ஏஜென்ட் அனுப்பும் வரை காத்திருக்காது, குறித்த இடைவெளியில் தானே ஒவ்வொரு மெஷினிடமும் போய் எண்களை வாங்கி வரும். இதில் ஓர் அருமையான வசதி, மெஷின் பதில் சொல்லவில்லை என்பதே ஓர் அளவாகப் பதிவாகிவிடும். ஒவ்வொரு எண்ணோடும் ஒட்டிவரும் அடையாளங்களான லேபிள்கள் இன்னொரு பலம். எந்த டேட்டா சென்டர், எந்த சர்வீஸ், எந்தப் பதிப்பு என்று பிரித்து, புதிய பதிப்பு ஓடும் மெஷின்களில் மட்டும் பிழை விகிதம் ஏறியிருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். அலெர்ட் விதிகள் எல்லாம் ஃபைல்கள் என்பதால் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வைத்து, யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று பார்க்கலாம், ஒருவர் எழுதிய விதியை இன்னொருவர் சரிபார்க்கலாம். டெவலப்பர்கள் இருக்கும் டீமுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அலெர்ட்டைக் கையாள்வதற்கு அலெர்ட்மேனேஜர் என்று தனி ப்ரோகிராம். ஒரே காரணத்தால் வந்த அலெர்ட்டுகளைக் கட்டி ஒரே மெசேஜாக அனுப்பும், பெரியது ஒன்று அடித்தால் அதனால் விளையும் சின்னவற்றை அடக்கும், பராமரிப்பு நேரத்தில் அமைதியாக இருக்கச் சொல்லலாம். இரண்டு மூன்று பிரதிகளை ஓடவிட்டால் அவை தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே அலெர்ட் இருமுறை போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் யாருக்கு இன்று டியூட்டி, அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தது யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். ப்ரோமிதியஸ் எடுக்கிறீர்கள் என்றால் எஸ்கலேஷனுக்கு இன்னொரு சேவையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள், செலவிலும் நேரத்திலும் அதை முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேர்க்க வேண்டியது அதோடு முடியவில்லை. வரைபடத்துக்கு கிராஃபானா, மெஷினின் எண்களை எடுத்துக் கொடுக்க நோட் எக்ஸ்போர்ட்டர், வெளியிலிருந்து பார்க்க பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர், டேட்டாபேஸுக்கு ஒன்று, ஸ்விட்சுக்கு ஒன்று. தகவலை 15 நாள்தான் வைத்திருக்கும் என்பது இயல்பான அமைப்பு, ஒரு வருடத்துக்கு வேண்டும் என்றால் தானோஸ், மிமிர், விக்டோரியாமெட்ரிக்ஸ் என்று இன்னொன்று சேரும். ஆளுக்கொரு மதிப்பு வரும் பயனாளர் ஐடியை லேபிளாக வைப்பது போன்ற தவறு ஒன்றை யாராவது செய்தால் மெமரி ஒரே நாளில் வெடிக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் எளிமையானதுதான், எல்லாவற்றையும் ஒருவரே பராமரிக்க வேண்டும் என்னும்போதுதான் கனம் தெரியும்.

கட்டணச் சேவைகள்

டேட்டாடாக், நியூ ரெலிக் போன்றவற்றில் ஏஜென்ட்டை ஏற்றிய ஒரு மணி நேரத்தில் எல்லாம் திரையில் வந்துவிடும். நம் இடம் மொத்தமாக விழுந்தாலும் அவர்கள் இடம் வேறு என்பதால் அலெர்ட் வரும், அந்த ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம். மெஷின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டணம், நாமே அனுப்பும் எண்களுக்குத் தனி, லாக் அளவுக்குத் தனி என்று பில் வரும் முறைதான் பயம். கன்டெய்னர்கள் தானாகப் பெருகும் இடத்தில் அடுத்த மாத பில் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வது கஷ்டம், முதல் மாதம் தினமும் உபயோகக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளவுடில் இருப்பவர்கள், அமேசான் கிளவுட்வாட்ச் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அமேசானின் வாடகை சர்வரான ஈசி2 மெஷினின் மெமரி உபயோகமும் டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் இடமும் அதில் இயல்பாக வராது, உள்ளே ஏஜென்ட் போட்டால்தான் வரும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது வெர்ச்சுவல் மெஷினை வெளியிலிருந்து. அடிப்படைக் கண்காணிப்பில் எண்கள் வருவதும் 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான், 1 நிமிடம் வேண்டும் என்றால் தனிக் கட்டணம். நம் டேட்டாபேஸ் நிற்பதற்கு அதிகம் காரணமாகும் இரண்டும் விட்டுப்போன டாஷ்போர்டைப் பார்த்து நிம்மதியாக இருக்கக் கூடாது.

ஆளிடம் போகும் வழி

மெயில் என்பது பதிவுக்கு. ராத்திரி யாரையும் எழுப்பாது, எழுப்பும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு கதைகளும் போதும். டெலிகிராமும் ஸ்லாக்கும் பகலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் குரூப்பில் போடும் அலெர்ட்டை எல்லோரும் பார்ப்பார்கள், வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். அதனால் ஒரு நேரத்தில் ஓர் அலெர்ட் ஒரே ஓர் ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அவர் ஏற்றுக்கொண்டேன் என்று அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். உண்மையிலேயே எழுப்ப வேண்டியதற்குப் போன் கால்தான், அந்த எண்ணை ஒவ்வொருவரும் தங்கள் போனில் சேமித்து, சைலன்டில் இருந்தாலும் அடிக்கும்படி அனுமதி கொடுத்து வைக்க வேண்டும்.

பேஜர்டியூட்டி போன்ற ஆன்-கால் சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. எடுக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள், இந்தச் சேவைகள் நிரந்தரம் இல்லை. ஆப்ஸ்ஜீனியை அட்லாசியன் 2025 ஜூனில் புதியவர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டது, 2027 ஏப்ரலில் மூடுவதாகவும் அறிவித்தது. இலவசமாகக் கிடைத்த கிராஃபானா ஆன்கால் 2025 மார்ச்சிலேயே புதிய வசதிகள் சேராத பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. டியூட்டி அட்டவணையும் எஸ்கலேஷன் வரிசையும் அந்தச் சேவைக்குள் மட்டும் இல்லாமல் உங்களிடமும் ஒரு ஃபைலில் எழுதி இருக்கட்டும்.

அலெர்ட்டில் இரண்டே வகை போதும்: இப்போதே எழுந்திரு, காலையில் பார். நடுவில் மூன்று நிலைகள் வைத்தால் நடுவில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. எழுப்பும் ஒவ்வொரு அலெர்ட்டிலும் எந்த மெஷின், பயனாளருக்கு என்ன பாதிப்பு, முதலில் பார்க்க வேண்டியது எது என்ற மூன்றும் இருக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரை டாஷ்போர்டில் தேடவிடக் கூடாது. எழுந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்த அலெர்ட் எதுவோ, அதை மறுநாளே திருத்துங்கள், அல்லது நீக்குங்கள். எழுந்தவரின் தூக்கத்துக்கு மதிப்பு கொடுக்காத டீமில் ஆறு மாதத்தில் ஒருவரும் அலெர்ட்டை நம்ப மாட்டார்கள்.

காவலனை யார் பார்ப்பது

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க விழுந்தபோது, பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் கூடவே விழுந்தன. நம்முடைய அளவு சின்னது, கணக்கு அதேதான். சாபிக்ஸ் சர்வரே செத்தால் அலெர்ட் எதுவும் வராது, எதுவும் வராததை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வோம்.

இதற்கு வழி தலைகீழாக யோசிப்பது. ப்ரோமிதியஸ் பயன்படுத்துபவர்கள் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் வாட்ச்டாக் என்ற அலெர்ட் ஒன்றை வைத்து, அதை வெளியில் இருக்கும் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அது வருவது நின்றால் வெளிச் சேவை நம்மைக் கூப்பிடும். சாபிக்ஸிலும் ஒரு கிரான் வைத்து இதைச் செய்துவிடலாம். பேக்அப்புக்கும் இதே முறைதான், முடிந்தவுடன் வெற்றி என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அலெர்ட். கிட்லேப்பில் இப்படி ஒன்று இருந்திருந்தால் மெயில் திரும்பியது பிரச்சினையே ஆகியிருக்காது.

சரி, எதை எடுப்பது

நிலையான மெஷின்கள், பத்தோ ஐம்பதோ, கூடவே ஸ்விட்ச், யுபிஎஸ், சில விண்டோஸ், பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேர் என்றால் சாபிக்ஸ், யோசிக்க வேண்டாம். எஸ்கலேஷன் உள்ளேயே இருப்பது ஒன்றே இந்த அளவு டீமுக்குப் போதுமான காரணம். கன்டெய்னர்கள், குபர்நெட்டிஸ், தாங்களே எழுதும் சர்வீஸ்கள், கூடவே உட்காரும் டெவலப்பர்கள் என்றால் ப்ரோமிதியஸ், ஆன்-கால் சேவையோடு சேர்த்து. சர்வர்களைப் பார்க்கத் தனி ஆளே கிடையாது, டெவலப்பர்தான் எல்லாம் என்றால் கட்டணச் சேவை எடுங்கள், அந்த ஆளின் நேரம் பில்லைவிட விலை அதிகம். எதை எடுத்தாலும் வேறிடத்தில் ஓர் அப்டைம் கூமாவோ வெளிச் சேவையோ கட்டாயம்.

முடிவெடுக்கும் முன் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் 99.9 சதவீதம் ஓட வேண்டும் என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம்தான் விழலாம். ப்ரோமிதியஸில் எண் எடுக்க 1 நிமிடம், விதியைச் சோதிக்க 1 நிமிடம், 5 நிமிடம் தொடர்ந்தால்தான் அலெர்ட், கட்டி அனுப்ப 30 விநாடி என்று இருந்தால், மோசமான நேரத்தில் ஏழரை நிமிடம் கழித்துத்தான் போன் அடிக்கும். நாகியோஸ் வகையில் 5 நிமிடத்துக்கொரு சோதனை, பிறகு 1 நிமிட இடைவெளியில் இரண்டு மறுசோதனை என்றாலும் ஏழு நிமிடம் ஆகிவிடும். ஆள் எழுந்து லேப்டாப்பைத் திறக்க இன்னும் பத்து நிமிடம். பயனாளர் பக்கத்துப் பிழைக்கு அந்த 5 நிமிடத்தை 2 ஆக்கலாமா, டிஸ்க்குக்கு 30 ஆக்கலாமா என்று ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

இரண்டு கருவிகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டு எது என்று தயங்கினால் ஒரு சோதனை மெஷினில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பகலில் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு பெரிய டம்மி ஃபைலால் டிஸ்க்கை நிரப்புங்கள், வெப் சர்வீஸை நிறுத்துங்கள், நெட்வொர்க்கைப் பிடுங்குங்கள், ஏஜென்ட்டை மட்டும் கொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் கெடுத்த நொடியிலிருந்து போன் அடித்த நொடி வரை கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், வந்த மெசேஜை மட்டும் படித்து என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறதா என்று அந்த சர்வரைத் தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். நான்கிலும் அதிகம் கோட்டைவிடுவது கடைசியில்தான். ஏஜென்ட் செத்தால் எண்கள் வருவது நின்றுவிடும், எண் வராவிட்டால் 90ஐத் தாண்டியதா என்று கேட்கும் விதி வாயே திறக்காது. சாபிக்ஸில் நோடேட்டா, ப்ரோமிதியஸில் அப் என்ற அளவும் ஆப்சென்ட் ஃபங்ஷனும் இதற்காக இருக்கின்றன, டிஸ்க் விதி எழுதுவதற்கு முன் அவற்றை எழுதிவிடுங்கள்.